பதினாறு வயதில் எழுத என்ன இருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் இரண்டு விஷயங்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஒன்று இளையோர் நாவல்கள், அதாவது பதின்பருவத்தினரை நடுவில் வைத்து அவர்களுக்காகவே எழுதப்படும் கதைகள். இன்னொன்று, எழுதும் பழக்கத்தை எப்படி உண்டாக்கிக்கொள்வது, எப்படி விடாமல் காப்பது என்பது. எனக்கு இந்த இரண்டும் வேறு வேறாகத் தோன்றுவதில்லை, அதனால் கலந்தே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 34 வயது. பொறுப்பான வேலை, இரண்டு குழந்தைகள். ஆனால் ஆசையாகக் கையில் எடுப்பதெல்லாம் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளைப் பற்றிய நாவல்கள்தான். "இன்னுமா இதையெல்லாம் படிக்கிறீர்கள்?" என்று கூட வேலை செய்பவர்கள் கேட்கிறார்கள். பெரியவர்களுக்கான இலக்கியத்துக்கு நான் மாறியாக வேண்டுமா?
– மதிய இடைவேளையில் படிக்கும் ஒரு வாசகி

பதில்: மாற வேண்டியதில்லை. வேண்டுமானால் அதையும் சேர்த்துப் படியுங்கள், இதை விட்டுவிட்டு அல்ல.

முதலில், நீங்கள் தனி ஆள் இல்லை. 2012இல் அமெரிக்காவில் பௌக்கர் என்ற நிறுவனம் புத்தகம் வாங்குபவர்களிடம் எடுத்த ஆய்வில், இளையோர் நாவல்களை வாங்கியவர்களில் 55 சதவீதம் பேர் 18 வயதைத் தாண்டியவர்கள் என்று தெரியவந்தது. அவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகளுக்காக வாங்கவில்லை, தாங்கள் படிக்கத்தான் வாங்கினார்கள்.

ஏன் படிக்கிறார்கள்? எளிமையான மொழி, வேகமான கதை என்று பலரும் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் அது மட்டும் இல்லை. இளமையைப் பற்றிப் பெரியவர்களுக்காக எழுதப்படும் நாவல்களில், கதை சொல்பவர் பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகு திரும்பிப் பார்க்கிறார். அந்தக் காதல் நிலைக்காது, அந்த நண்பன் விலகிப் போவான், அந்தக் காயம் ஆறிவிடும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும், அந்தத் தெரிதல் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒட்டியிருக்கும். இளையோர் நாவலில் கதை சொல்லும் பிள்ளைக்கு அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று தெரியாது. முதல் துரோகம், முதல் சாவு, அப்பாவும் அம்மாவும் தவறு செய்யக்கூடிய மனிதர்கள்தான் என்று முதன்முதலாகத் தெரிந்துகொள்வது, இதையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பிள்ளையிடம் இதற்கு முன் நடந்த எதுவும் இல்லை. நம்மிடம் எல்லாவற்றுக்கும் ஓர் அளவுகோல் இருக்கிறது, 'இதெல்லாம் சகஜம்' என்று சொல்லி நகரப் பழகிவிட்டோம். அந்த அளவுகோலைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டுப் படிப்பது சின்ன வேலை இல்லை.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். இந்த வகையிலும் அச்சில் வார்த்த கதைகள் நிறைய உண்டு. 2008இல் வந்த 'தி ஹங்கர் கேம்ஸ்' என்ற நாவல் பெரிய வெற்றி பெற்ற பிறகு, கொடுங்கோல் அரசை எதிர்த்து நிற்கும் பெண், அவளைச் சுற்றி இரண்டு பையன்கள் என்று அதே சட்டகத்தில் எத்தனையோ நாவல்கள் வந்தன. நாயகிக்கு என்ன வயது என்பது பிரச்சினை இல்லை, ஒரே சட்டகத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறோமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: எனக்கு 16 வயது. எழுத்தாளர் ஆக வேண்டும் என்று ஆசை. ஆனால் என் வாழ்க்கையில் எதுவுமே நடக்கவில்லை. பள்ளி, டியூஷன், வீடு, அவ்வளவுதான். அனுபவம் இல்லாமல் எதை எழுதுவது? கொஞ்ச வருடம் காத்திருக்கலாமா?
– ஒரு பள்ளி மாணவர்

பதில்: காத்திருக்க வேண்டாம் தம்பி. எஸ். இ. ஹின்டன் என்ற அமெரிக்க எழுத்தாளரைப் பற்றிச் சொல்கிறேன். தன் பள்ளியில் மாணவர்கள் இரண்டு கும்பல்களாகப் பிரிந்து மோதிக்கொள்வதைப் பார்த்து ஆத்திரப்பட்டு, 15 வயதில் ஒரு நாவல் எழுத ஆரம்பித்தார். தன் வயதுப் பிள்ளைகளின் உண்மையான வாழ்க்கையைச் சொல்லும் புத்தகமே இல்லையே, அப்படி ஒன்று இருந்தால் நானே படிப்பேனே என்பதுதான் அவருடைய காரணம். அந்த நாவல், 'தி அவுட்சைடர்ஸ்', 1967இல் வெளிவந்தபோது அவருக்கு 18 வயது. பையன்களைப் பற்றிய கதையை ஒரு பெண் எழுதியிருக்கிறாள் என்று தெரிந்தால் விமர்சகர்கள் ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயத்தில் பதிப்பகம் அவர் பெயரை முதலெழுத்துகளாகப் போட்டது. இன்று இளையோர் நாவல் என்று நாம் சொல்லும் வகை உருவானதற்கு அந்தப் புத்தகம் ஒரு பெரிய காரணம். அதை எழுத அவர் எங்கும் பயணம் போகவில்லை, பெரிய சாகசம் எதுவும் செய்யவில்லை. பள்ளிக்கூடத்தில் கண்ணுக்கு முன்னால் நடந்ததை எழுதினார், அவ்வளவுதான்.

'அனுபவம் இல்லை' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் சொல்ல வருவது, பெரியவர்கள் மதிக்கும்படியான அனுபவம் இல்லை என்பதைத்தான். தினமும் பக்கத்தில் உட்கார்ந்த நண்பன் ஒரு நாள் காரணம் சொல்லாமல் வேறு பெஞ்சுக்கு மாறிப் போனான் அல்லவா, அது அனுபவம். வீட்டில் முதன்முதலாகப் பெரிய பொய் ஒன்று சொல்லி, அதை எல்லோரும் நம்பியபோது நிம்மதியோடு கூடவே ஒரு தனிமை வந்ததே, அதுவும்தான். மதிப்பெண் தெரிந்த பிறகு வீட்டில் யாரும் திட்டாமல், வழக்கம்போல எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்தார்களே, அந்த அமைதியை எழுதுங்கள். நாற்பது வயதில் இதையெல்லாம் எழுத உட்காருபவரிடம் முடிவுகள்தான் மிச்சம் இருக்கும், சூடு இருக்காது. உங்களிடம் சூடு இருக்கிறது, முடிவு இன்னும் கிடைக்கவில்லை. எழுதுவதற்கு அதைவிட நல்ல நிலை கிடையாது.

ஒன்று செய்து பாருங்கள். உங்களுக்கு இன்னும் புரியாத ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யார் என்ன சொன்னார்கள், அப்போது உங்கள் கை எங்கே இருந்தது, எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள். கடைசியில் 'இதிலிருந்து நான் தெரிந்துகொண்டது' என்று ஒரு பத்தி எழுதக் கை போகும், பள்ளிக் கட்டுரைகள் நம்மை அப்படிப் பழக்கிவைத்திருக்கின்றன. அந்தப் பத்தியை மட்டும் எழுதாதீர்கள்.

கேள்வி: தினமும் எத்தனை வார்த்தை எழுத வேண்டும்? கையால் எழுதுவது நல்லதா, போனில் தட்டினால் போதுமா?

பதில்: நாளைக்கும் எழுத ஆசை மிச்சம் இருக்கும் அளவுக்கு. ஆரம்பத்தில் அரைப் பக்கம் தாராளம். எதில் எழுதினால் அதிகம் யோசிக்காமல் எழுத வருகிறதோ அதில் எழுதுங்கள். போனில் எழுதுவதாக இருந்தால் அந்த நேரத்துக்கு இணையத்தை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: நாவல் எழுதத் தொடங்குவேன். முதல் இரண்டு அத்தியாயங்கள் பறக்கும். மூன்றாவதில் நின்றுவிடும். அதற்குள் வேறொரு யோசனை வந்துவிடும், அதுதான் சிறந்தது என்று தோன்றும், அதைத் தொடங்குவேன், அதுவும் மூன்றாவதில் நிற்கும். என்னிடம் ஒழுக்கம் இல்லையா, திறமை இல்லையா?
– கல்லூரி முதலாண்டு மாணவி

பதில்: இரண்டுமே காரணம் இல்லை. மூன்றாவது அத்தியாயத்தில் நிற்பதற்குக் கதைக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கும், பெரும்பாலும் அது ஒரே காரணம்தான்.

தொடக்கம் எழுதுவது சுகம். ஒரு பெண்ணை அறிமுகம் செய்கிறோம், அவள் வீடு, அவள் தோழி, அவளுக்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறாள், எல்லாம் சொல்லியாகிவிட்டது. இனி அவள் ஏதாவது செய்ய வேண்டும். செய்தால் ஏதாவது ஒன்றை இழப்பாள், யாரையாவது புண்படுத்துவாள், தப்பான முடிவு எடுப்பாள். அதற்குள் நமக்கு அவளைப் பிடித்துப்போயிருக்கும், அவள் அடிபடுவதைப் பார்க்க மனம் வராது. அதனால் அவளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக மழையைப் பார்க்கவிட்டு, இன்னும் நாலு பக்கம் நகர்த்துகிறோம். அங்கேதான் கதை செத்துப்போகிறது. புதிய யோசனை பளிச்சென்று தெரிவதும் இதனால்தான், அதில் இன்னும் யாரும் அடிபடவில்லை.

அடுத்த முறை நிற்கும்போது, 'அடுத்து என்ன நடக்கும்?' என்று கேட்காதீர்கள். 'இப்போது இவள் செய்யக்கூடிய தப்பு என்ன?' என்று கேளுங்கள். உங்களுக்குப் பிடித்த இளையோர் நாவல்களைப் புரட்டிப் பாருங்கள், கதை வேகமெடுக்கும் இடத்தில் பெரும்பாலும் நாயகனோ நாயகியோ தெரிந்தோ தெரியாமலோ ஒரு தப்பு செய்திருப்பார்கள். வெளியிலிருந்து வரும் விபத்தைவிட அது பலமானது, ஏனென்றால் பழி அவர்கள்மேல் இருக்கிறது, ஓடி ஒளிய முடியாது.

இப்போது பழக்கத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன ஹின்டனுக்கே, முதல் நாவல் பெற்ற வெற்றிக்குப் பிறகு சில ஆண்டுகள் எழுத வரவில்லை. பிறகு அவருடைய கணவரானவர் அப்போது நண்பராக இருந்தார். தினமும் இரண்டு பக்கம் எழுதினால்தான் சேர்ந்து வெளியே போகலாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். இரண்டிரண்டு பக்கமாகச் சேர்ந்த அந்த நாவல் 1971இல் வெளிவந்தது. இதில் எனக்குப் பிடித்தது இரண்டு பக்கம் என்ற அளவு. நல்ல இரண்டு பக்கம் என்று அவர் சொல்லவில்லை, இரண்டு பக்கம் என்றுதான் சொன்னார். புகழ் வந்த பிறகு ஒவ்வொரு வாக்கியமும் நன்றாக இருந்தாக வேண்டும் என்ற பயம் வரும், உங்களைப் போல நிறையப் படித்தவர்களுக்குப் புகழ் வராமலேயே அந்தப் பயம் வந்துவிடும். அளவு சிறியதாகவும் நிச்சயமாகவும் இருந்தால் அந்தப் பயத்துக்குப் பிடி கிடைக்காது.

அப்புறம், ஒரு காட்சியை முடித்துவிட்டு எழுந்திருக்காதீர்கள். நடுவில், அடுத்த வரி என்னவென்று தெரிந்திருக்கும்போதே நிறுத்துங்கள், மறுநாள் உட்கார்ந்ததும் கை தானாக ஓடும். புதிய யோசனை வந்தால் தனி நோட்டில் மூன்று வரி எழுதி மூடிவைத்துவிடுங்கள், நல்ல யோசனை என்றால் காத்திருக்கும். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாக எழுதி ஈடுகட்டப் பார்க்காதீர்கள், அப்படித்தான் பலரும் ஒரேயடியாக விட்டுவிடுகிறார்கள். வழக்கமான அளவையே எழுதுங்கள்.

நாவலைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு ஐந்து பக்கக் கதை ஒன்றை முழுதாக முடித்துப் பாருங்கள் என்றும் சொல்லத் தோன்றுகிறது. முடிப்பது தனித் திறமை, எத்தனை தொடக்கம் எழுதினாலும் அது வராது.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. ஒரு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டே இருக்கிறாள், நான் வந்தால் மூடிவிடுகிறாள். அவள் படிக்கும் நாவல்களையும் புரட்டிப் பார்த்தேன். மரணம், வன்முறை, மனச்சோர்வு என்று கனமான விஷயங்கள். நோட்டை எடுத்துப் படித்துப் பார்க்கலாமா? அந்தப் புத்தகங்களை நிறுத்தலாமா?
– கவலைப்படும் ஒரு அம்மா

பதில்: நோட்டை எடுக்காதீர்கள் அம்மா. யாராவது படித்துவிடுவார்கள் என்ற சந்தேகம் ஒரு முறை வந்துவிட்டால் போதும், அதன் பிறகு அவள் அந்த நோட்டில் எழுதுவது உங்களுக்காக எழுதுவதாக மாறிவிடும். நல்ல பெண்ணாகத் தெரியும்படி எழுதுவாள், அல்லது எழுதுவதையே நிறுத்திவிடுவாள். யாரும் பார்க்காத பக்கம் என்று ஒன்று இருப்பதால்தான் அந்த வயதில் மனசைத் திறந்து எழுத முடிகிறது. அவளுக்குப் பூட்டுடன் ஒரு சின்னப் பெட்டி வாங்கிக் கொடுத்து, சாவியை அவளிடமே கொடுத்துவிடுங்கள். இதைவிடப் பெரிய ஊக்கம் எனக்குத் தெரியவில்லை.

புத்தகங்களைப் பற்றி. லோரி ஹால்ஸ் ஆண்டர்சன் 1999இல் எழுதிய 'ஸ்பீக்' என்ற நாவல், பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண், நடந்ததை யாரிடமும் சொல்ல முடியாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சையே நிறுத்திவிடுவதைப் பற்றியது. இது பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல என்று பள்ளிகளிலும் நூலகங்களிலும் இதை எதிர்த்தவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், தங்களுக்கும் இப்படி நடந்தது என்று அந்த எழுத்தாளரிடம் மனம் திறந்த வாசகர்கள் ஏராளம். கனமான விஷயத்தைப் புத்தகம் உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருக்கும் ஒன்றைப் பற்றிப் பேச வார்த்தை கொடுக்கிறது. தடுப்பதற்குப் பதிலாக அவள் படித்து முடித்த ஒரு புத்தகத்தை வாங்கி நீங்களும் படியுங்கள். படித்துவிட்டு அவளைப் பரிசோதிக்காதீர்கள். உங்களுக்கு எந்தப் பாத்திரத்தைப் பிடித்தது, எந்த இடத்தில் கோபம் வந்தது என்று உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், அவள் தானாகப் பேச வருவாள்.

ஆனால் ஒன்று. தூக்கம் கெடுகிறது, சாப்பாடு குறைகிறது, பிடித்தவர்களிடமிருந்தெல்லாம் விலகுகிறாள், வாழ்ந்து என்ன பயன் என்கிற மாதிரிப் பேசுகிறாள் என்றால், அது நாவலைப் பற்றிய கேள்வி இல்லை. அப்போது நோட்டைத் தேடாமல் அவளிடமே நேராகக் கேளுங்கள், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளத் தோன்றுகிறதா என்றும் கேட்கலாம், அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ தாமதிக்காமல் அழைத்துப் போங்கள்.

கேள்வி: எழுத்தாளர் ஆக வேண்டும் என்றால் நிறையப் படிக்க வேண்டும் என்கிறார்கள். நான் நிறையத்தான் படிக்கிறேன், எழுத்தில் ஒன்றும் ஏறவில்லையே. எப்படிப் படிப்பது?

பதில்: இதைக் கேட்டதற்கு நன்றி, எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

முதல் தடவை ஆசைக்காக மட்டும் படியுங்கள். பென்சில் வேண்டாம், குறிப்பு வேண்டாம். கதையில் முழுகத் தெரியாதவருக்கு அடுத்தவரை முழுக வைப்பது எப்படி என்று தெரியாது. முடித்து சில நாள் கழித்து, எந்த அத்தியாயம் இன்னும் மனசில் நிற்கிறதோ அதை மட்டும் எடுத்து மறுபடி படியுங்கள். முழு நாவலையும் அலசப் போனால் களைத்துவிடுவீர்கள்.

அந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: கதை சொல்லும் பிள்ளைக்கு என்ன தெரியும், வாசகருக்கு என்ன தெரியும்? இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் இளையோர் நாவலின் வித்தை எல்லாம் இருக்கிறது. மேலே சொன்ன 'ஸ்பீக்' நாவலில் அந்தப் பெண் தனக்கு என்ன நடந்தது என்பதை நெடுநேரம் சொல்வதில்லை. ஆனால் நமக்கு ஏமாற்றப்பட்ட மாதிரி இருக்காது, ஏனென்றால் அவள் நம்மிடமிருந்து மட்டும் மறைக்கவில்லை, தன் நினைவிலிருந்தே அதைத் தள்ளிவைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் எந்த இடத்தில் பேச்சை மாற்றுகிறாள், எந்த ஆளைப் பார்த்ததும் வாக்கியம் சின்னதாகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போனால், எழுத்தாளர் எவ்வளவு கவனமாக அந்த மௌனத்தைக் கட்டியிருக்கிறார் என்பது தெரியும். கதையின் முக்கியத் தகவலை வாசகரிடமிருந்து வேண்டுமென்றே ஒளித்து, கடைசியில் திடுக்கிட வைப்பது மலிவான வேலை. பாத்திரத்துக்கே சொல்ல முடியாததால் சொல்லாமல் இருப்பது வேறு.

இன்னொரு உதாரணம், வால்டர் டீன் மையர்ஸ் எழுதிய 'மான்ஸ்டர்'. இதுவும் 1999இல் வந்தது, சிறந்த இளையோர் நூலுக்கான பிரின்ட்ஸ் விருது 2000இல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது இந்த நாவலுக்குத்தான் கிடைத்தது. கொலை வழக்கில் விசாரணையை எதிர்கொள்ளும் 16 வயதுப் பையன் ஒருவன், சினிமா எடுக்க ஆசைப்பட்டவன், தனக்கு நடப்பதைத் திரைக்கதையாக எழுதுகிறான். இடையிடையே அவன் நாட்குறிப்புப் பக்கங்கள் வருகின்றன. திரைக்கதை வடிவத்தை எழுத்தாளர் புதுமைக்காகப் போட்டுக்கொண்டார் என்று நினைத்துவிடக் கூடாது. நீதிமன்றத்தில் உட்கார்ந்திருப்பது தானேதான் என்று ஒப்புக்கொள்ள அவனால் முடியவில்லை, கேமரா வழியாக யாரோ ஒருவனைப் பார்ப்பது போலப் பார்த்தால்தான் தாங்க முடிகிறது. வடிவம் அந்தப் பிள்ளையின் தேவையிலிருந்து வந்திருக்கிறது. உங்கள் கதையைக் கடிதங்களாக எழுதலாமா, கவிதையாக எழுதலாமா, குறுஞ்செய்திகளாக எழுதலாமா என்று யோசிக்கும்போதெல்லாம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பிள்ளைக்கு ஏன் இப்படிச் சொல்ல வேண்டியிருக்கிறது? பதில் இல்லை என்றால் சாதாரண உரைநடையே நல்லது.

கடைசியாகக் கைவேலை. பிடித்த பக்கம் ஒன்றை அப்படியே கையால் எழுதிப் பாருங்கள். கண்ணால் படிக்கும்போது தாண்டிப் போகும் சின்னச் சொற்கள், வாக்கியம் முடியும் இடங்கள் எல்லாம் கைக்குத் தெரியும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, அதே காட்சியை அங்கே நின்றுகொண்டிருந்த வேறொருவர் பார்வையில் எழுதுங்கள். இது வெளியிடுவதற்கு இல்லை, பயிற்சிக்கு மட்டும்.

கேள்வி: கதை சொல்லும் பெண்ணுக்கு 15 வயது. முழுக்கப் பேச்சுத் தமிழில் எழுதினால்தான் உண்மையாக இருக்கும் என்கிறான் நண்பன். எழுத்துத் தமிழில் எழுதினால் பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. என்ன செய்ய?

பதில்: உரையாடலைப் பேச்சுத் தமிழில் வையுங்கள், அவள் சொல்லிக்கொண்டு போகும் கதையை எளிய எழுத்துத் தமிழில் வைத்து, சூடான இடங்களில் மட்டும் பேச்சு உள்ளே வரட்டும். முழுக்கப் பேச்சு வழக்கில் ஒரு சிறுகதை நிற்கும், நாவல் என்றால் கண் களைத்துவிடும். இது என் கருத்துதான், நன்றாக வந்தால் தாராளமாக மீறுங்கள்.

ஆனால் குரல் என்பது இதில் இல்லை. மூன்று பிள்ளைகள் ஒரே அறைக்குள் நுழைகிறார்கள். ஒருத்தி கதவு எங்கே இருக்கிறது, எப்படி வெளியே போவது என்று பார்க்கிறாள். ஒருவன் தன்னை யார் யார் கவனிக்கிறார்கள் என்று பார்க்கிறான். இன்னொருத்தி அம்மாவின் முகத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. மூவரையும் ஒரே இலக்கணத்தில் எழுதினாலும் மூன்று குரல் கேட்கும். அவள் எதைக் கவனிக்கிறாள், எந்த வரிசையில் கவனிக்கிறாள், எதைக் கண்டும் காணாமல் விடுகிறாள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். இன்றைய பிள்ளைகள் சொல்லும் புதுச் சொற்களை அள்ளிப் போட்டால் குரல் வந்துவிடாது, அவை சீக்கிரமே பழசாகியும்விடும்.

கேள்வி: எனக்கு 58 வயது, பணி ஓய்வு பெற்றுவிட்டேன். பதின்பருவப் பிள்ளைகளுக்காக எழுத ஆசை. இந்தக் காலப் பிள்ளைகளை எனக்குப் புரியுமா? வயது தடையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: தடை இல்லை ஐயா. பெரியவர்களுக்காக எழுதிக்கொண்டிருந்த அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினிடம் ஒரு பதிப்பாளர் வந்து, வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். லெ குவின் யோசித்தது இதைத்தான்: கதைகளில் வரும் மந்திரவாதிகள் எல்லோரும் நரைத்த தாடியோடுதான் வருகிறார்கள், அவர்கள் சிறுவர்களாக இருந்தபோது என்ன செய்தார்கள், அந்த வித்தையை எங்கே படித்தார்கள்? அந்தக் கேள்வியிலிருந்து வந்த நாவல் 1968இல் வெளியானது. அதன் நாயகன் கர்வத்தில் ஒரு தப்பு செய்கிறான், அதன் விளைவை அவனேதான் எதிர்கொள்ள வேண்டும். எந்தக் காலத்துப் பிள்ளைக்கும் அது புரியும்.

நீங்கள் ஆசிரியர் என்பதால் ஒரு எச்சரிக்கை. எழுதி முடித்ததும் உங்கள் கதையில் பிரச்சினையைத் தீர்ப்பது யார் என்று பாருங்கள். நல்ல ஆசிரியரோ, விவேகமான தாத்தாவோ நாலு வார்த்தை சொல்லித் தீர்த்து வைத்திருந்தால் அந்தப் பெரியவரைக் கதையிலிருந்து எடுத்துவிடுங்கள். அல்லது அவர் சொல்லும் அறிவுரை தப்பாகப் போகட்டும். இளம் வாசகர்கள் அறிவுரையின் வாசனையை ஒரு பக்கம் முன்னாலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். உங்களுக்கு இப்போது தெரிந்த எதையும் கதை சொல்லும் பிள்ளைக்குக் கடன் கொடுக்காமல் எழுத முடிகிறதா என்று பாருங்கள், அதுதான் கஷ்டமான பகுதி. உங்களுடைய பழைய கடிதங்களோ நாட்குறிப்புகளோ இருந்தால் எடுத்துப் படியுங்கள். நம் நினைவு எல்லாவற்றையும் நமக்குச் சாதகமாகத் திருத்திவைத்திருக்கும், அந்தக் காலத்துக் கையெழுத்து அப்படிச் செய்யாது.

கேள்வி: எழுதும்போது நன்றாக இருப்பது மறுநாள் படித்தால் வெட்கமாக இருக்கிறது. கிழித்துப் போட்டுவிடுகிறேன். இப்படிக் கிழித்ததில் ஒன்றுமே மிச்சம் இல்லை.

பதில்: இனிமேல் கிழிக்காதீர்கள். எழுதுவது ஒரு வேலை, திருத்துவது இன்னொரு வேலை. ஒன்றைச் செய்பவர் இன்னொன்றைப் பார்த்தால் வெட்கப்படத்தான் செய்வார்.

இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகளுக்குப் பயந்து நெதர்லாந்தில் குடும்பத்தோடு ஒளிந்திருந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைப் படித்திருப்பீர்கள். அது ஒரு சிறுமி அவ்வப்போது கொட்டியது, அப்படியே அச்சானது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1944 மார்ச் 28 அன்று, லண்டனிலிருந்து இயங்கிய நெதர்லாந்து அரசின் அமைச்சர் ஒருவர் வானொலியில் பேசினார். போர் முடிந்ததும் மக்களின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் சேகரிக்கப்படும் என்றார். ஒளிந்திருந்த வீட்டில் அதைக் கேட்ட ஆன், அந்த மே மாதத்தில், இன்னும் 15 வயதுகூட ஆகாத நிலையில், தன் நாட்குறிப்பைத் தனித்தாள்களில் மறுபடி எழுத ஆரம்பித்தாள். சிலவற்றை வெட்டினாள், சிலவற்றைச் சேர்த்தாள், சில நாட்களின் பதிவுகளை ஒன்றாக்கினாள். ஆகஸ்ட் 4 அன்று கைது செய்யப்படும்வரை அந்த வேலை நடந்தது. 1947இல் அவள் தந்தை வெளியிட்ட புத்தகம் இந்த இரண்டு வடிவங்களிலிருந்தும் சேர்த்து உருவாக்கியது.

13 வயதில் எழுதியதைப் படித்து அவளும் சங்கடப்பட்டாள், அதை அந்த நாட்குறிப்பிலேயே எழுதியும் இருக்கிறாள். ஆனால் கிழிக்கவில்லை. கிழித்திருந்தால் திருத்துவதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

நீங்கள் செய்ய வேண்டியது, எழுதியதை மறுநாள் படிக்காமல் இருப்பது. தேதி போட்டு மூடிவிடுங்கள். ஒரு மாதம் கழித்துத் திறந்து, பென்சிலை எடுத்து, உயிரோடு இருக்கும் வரிகளின் கீழ் மட்டும் கோடு போடுங்கள். மோசமான வரிகளைத் தேட வேண்டாம், அவை தானாகவே கண்ணில் படும். கோடு போட்டவை மூன்று வரிதான் என்றால் அந்த மூன்று வரியை எடுத்துப் புதுத் தாளில் வைத்து அங்கிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: எழுதியதை முதலில் யாரிடம் காட்டுவது? நண்பர்கள் எல்லோரும் 'சூப்பர்' என்கிறார்கள், அதற்குமேல் ஒன்றும் சொல்வதில்லை.

பதில்: கதை படிக்கும் பழக்கம் உள்ள ஒரே ஒருவரிடம். 'எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் 'சூப்பர்' என்றுதான் வரும், பாவம், அவர்களும் வேறென்ன சொல்வார்கள். 'எந்த இடத்தில் படிப்பதை நிறுத்தலாம் என்று தோன்றியது?' என்று கேளுங்கள். அவர் சொல்லும் இடத்தை அவர் எதிரிலேயே நியாயப்படுத்தாமல், குறித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.